நடுச்சாமத்தில் முழிப்பு வருவது ஏன்?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வந்திருக்கிறோம். "மலை ஏறி இறங்குற எங்களுக்குத் தூக்கப் பாடமா? படுத்தா கட்டை மாதிரிதானே கிடக்கிறோம்" என்று சிலர் சிரிக்கிறீர்கள். படுத்தவுடன் தூங்குவது பெரிய காரியமில்லை. நடுச்சாமத்தில் முழித்து, கோழி கூவும் மட்டும் புரண்டு கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

வளர்ந்த ஆளுக்கு ராத்திரியில் 7 மணித்தியாலத் தூக்கமாவது வேண்டும். 6 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு 9 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. நம்ம பெண்களோ, சட்டி பானை கழுவிப் படுக்க 10 மணி, ரொட்டி தட்ட எழும்புவது விடிய 4 மணி. கிடைப்பதே 6 மணித்தியாலம். அதுவும் துண்டு துண்டாகப் போனால் அடுத்த நாள் கூடையைச் சுமந்து கொண்டு சரிவில் எப்படி நிற்பது?

முதலில் தேத்தண்ணியைப் பார்ப்போம். நாம் பறிக்கிற கொழுந்துதான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் தேயிலையில் கபேன் என்று ஒன்று இருக்கிறது. அது தூக்கத்தைத் தள்ளி வைக்கும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணித்தியாலம் எடுக்கும். ராத்திரி 8 மணிக்குக் கடுஞ்சாயம் குடித்தால் 1 மணிக்கும் பாதி உள்ளே நிற்கும். அசதியில் கண் மூடிவிடும். ஆனால் தூக்கம் மேலோட்டமாகவே இருக்கும், பக்கத்துக் காம்பராவில் யாரும் இருமினாலும் முழிப்பு வந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கடைசி மாதங்களில் அது போக இன்னும் இரண்டு மூன்று மடங்கு நேரமாகும். அதனால் பின்நேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து குடிப்பதே கடைசித் தேத்தண்ணியாக இருக்கட்டும். ராத்திரிக் குளிருக்குக் கொத்தமல்லியோ இஞ்சியோ அவித்துக் குடிக்கலாம்.

அடுத்தது கால் குடைச்சல். இதை யாரும் வியாதி என்றே எண்ணுவதில்லை. படுத்தவுடன் முழங்காலுக்குக் கீழே ஏதோ ஊருகிற மாதிரி, இழுக்கிற மாதிரி இருக்கும். காலை ஆட்டாமல் இருக்க ஏலாது. எழும்பி நாலு எட்டு நடந்தால் சுகம், திரும்பப் படுத்தால் திரும்பவும் வரும். "மலை ஏறின வலி" என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடுகிறோம். ஏறி இறங்கின அலுப்பென்றால் படுத்தால் குறைய வேணும். இது படுத்தால்தான் கூடும். இப்படி வருவதற்கு ஒரு முக்கிய காரணம் இரும்புச் சத்துக் குறைவு. மாதவிலக்காலும் பிள்ளைப் பேற்றாலும் பெண்களுக்கு அது குறையும். போதாததற்கு ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போதே சாயமும் குடிக்கிறோம். சாப்பாட்டில் உள்ள கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தேத்தண்ணி தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அந்த நட்டம் குறையும். கீரை, பயறு, நெத்தலி சேருங்கள், சம்பலில் தேசிக்காய் தாராளமாகப் பிழியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பலன் குறைவு, தண்ணீரோடு எடுங்கள். குடைச்சல் உள்ளவர்கள் தாங்களாகக் குளிசை வாங்காமல் இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தம்பிமாருக்கும் இரண்டு வார்த்தை. குடித்துவிட்டுப் படுத்தால் நல்லாத் தூக்கம் வருது என்கிறீர்கள். முன்சாமம் மட்டும்தான் அது. வெறி இறங்க இறங்கத் தூக்கம் கலையும், குறட்டையும் கூடும், பக்கத்தில் படுத்தவளுக்கும் தூக்கமில்லை. குடியோடு தூக்கக் குளிசையும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். இன்னொன்று, நீங்கள் தண்ணி எடுத்து வைத்து நாலு ரொட்டி தட்டினால் வீட்டுக்காரிக்கு அரை மணித்தியாலமாவது கூடத் தூக்கம் கிடைக்கும். ரொட்டி வட்டமாக வராவிட்டால் பரவாயில்லை.

குளிர் நாளில் நடக்கிற ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 10க்கு 12 அடிக் காம்பராவில் கதவு, ஜன்னல், சந்து பொந்தெல்லாம் அடைத்துவிட்டு, தணல் சட்டியைக் கட்டிலடியில் வைத்துப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். தணலிலிருந்து காபன் மொனொக்சைட்டு என்ற நச்சுக் காற்று வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் முழிக்காமலே போய்விடலாம். தணலை வெளியில் கொண்டுபோய்த் தண்ணி ஊற்றி அணைத்துவிட்டுப் படுங்கள். காலையில் வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகத் தலையிடி, வாந்தி, மயக்கம் என்றால் உடனே வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ராத்திரியில் சொறி கூடுகிறதென்றால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். மூன்று நாலு தரம் சலம் போக எழும்புகிறவர்கள் சீனி இருக்கிறதா என்று பாருங்கள். கடனையும் பிள்ளைகளையும் நினைத்து விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு, சாப்பாடும் வேண்டாம், எதிலும் மனமில்லை என்று இரண்டு கிழமைக்கு மேல் போனால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய வருத்தம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

மிட்வைப் அம்மா இங்கேயே இருக்கிறார். கால் குடைச்சல் உள்ளவர்கள் அவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள், இரத்தம் எடுக்கும் நாளை அவர் சொல்வார். பிள்ளைக்காம்பரா பக்கம் தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறார்கள். மணி இப்போது 4தான், பயமில்லாமல் குடிக்கலாம்.