கையால் கழற்றி மாட்டக்கூடிய கார்



திருக்காட்டுப்பள்ளி, பூதலூர், திருவையாறு பக்கம் ஸ்பேனர் செட் இல்லாத விவசாய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்காத வருஷங்களில் நாற்றங்காலைக் காப்பாற்றுவது ஆயில் இன்ஜினும் போர் மோட்டாரும்தான். இன்ஜின் நின்றுபோனால், டவுனிலிருந்து ஆள் வரும்வரை நாற்று பொறுத்திருக்காது. டீசல் குழாயில் ஏறிய காற்றை வெளியேற்றி, நாசிலைக் கழற்றித் துடைத்து, ஹேண்டிலைச் சுற்றி மறுபடி ஓடவிடுவது இங்கே தகப்பனிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்ளும் வேலை. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று ஒரு பழைய காரை வாங்கி, தாமே பழுதுபார்த்து ஓட்ட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. வளர வேண்டிய கைத்திறன் என்றே சொல்வேன். ஆனால் பெரும்பாலோர் தோற்பது ஸ்பேனர் பிடிக்கும்போது அல்ல, வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது.

டிக்கி வைத்த காராக இருக்க வேண்டும். விலை கைக்கு எட்ட வேண்டும். ஓட்டினால் மனசுக்குப் பிடிக்க வேண்டும். வீட்டு வாசலிலேயே நிறுத்தி வேலை பார்க்க முடிய வேண்டும். இத்தனையும் சேர்ந்த வண்டி எது என்று கேட்டால் என் பதில் மாருதி எஸ்டீம்.

1990-இல் வந்த மாருதி 1000-இன் உடம்பில் 1298 சிசி அலுமினிய இன்ஜினை வைத்து 1994-இல் எஸ்டீம் வந்தது. பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. மாடலுக்கு 85 குதிரைத்திறன். எடை 900 கிலோகூடக் கிடையாது. இன்றைய நடுத்தர செடான்கள் 1,100 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. ஓட்டும் சுகம் குதிரைத்திறனில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது எடையில் இருக்கிறது. கோவிலடி வழியாகக் கல்லணை போகும் ஆற்றங்கரைச் சாலையில் யாரும் நூறில் போக முடியாது, போகவும் கூடாது. ஐம்பதில் ஒரு வளைவு திரும்பும்போதே சந்தோஷம் தருகிற வண்டிதான் நமக்கு வேண்டும். லேசான வண்டி அதைத் தரும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எஸ்டீம்கள் வருஷக்கணக்கில் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கின்றன. இதே குடும்பத்து இன்ஜின்தான் ஜிப்ஸியிலும் இருந்தது. எஸ்டீம் நின்று பல வருஷம் கழித்தும் ராணுவத்துக்காக ஜிப்ஸி தயாரானது. அதனால் இன்ஜின் சாமான்களுக்கு அலைச்சல் குறைவு.

ஃபோர்டு ஐகானைச் சொல்லாமல் விட்டால் என்னைச் சண்டைக்கு இழுப்பார்கள். 1999-இல் மறைமலைநகரிலிருந்து வந்த நம்மூர்க் கார் அது. 1.6 ராக்காம் இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். ஸ்டீயரிங்கும் சாலைப் பிடிப்பும் எஸ்டீமைவிட ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஒரு ரப்பர் புஷ்ஷுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்கு அலையப் பொறுமை உள்ளவர் மட்டும் ஐகானைத் தொடலாம். பழைய ஹோண்டா சிட்டி வி.டெக் இன்ஜின் அருமையானது, 106 குதிரைத்திறன். சாமான் விலைதான் கையைச் சுடும். அம்பாசடரைக் கழற்றுவது எல்லாவற்றையும்விட எளிது, ஆனால் வளைவில் அது தரும் அனுபவம் வேறு.

இனி வண்டி பார்க்கும் விதம். விற்பவர் நாம் வருவதற்குள் இன்ஜினை ஓடவிட்டு வைத்திருந்தால், அணைத்துவிட்டு ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை ஓயாமல் வந்து, ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் படிவும் இருந்தால், கூலண்ட் ஆயிலோடு கலக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவுகளின் அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவிப் பளபளப்பாக்கி விற்றால் மேலே ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நீர் நின்ற கோடு தெரியலாம். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் விரலை விட்டுத் தடவுங்கள். ஆற்று வண்டலை விரல் நுனியில் அடையாளம் காண டெல்டாக்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். வண்டல் தட்டுப்பட்டால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். மூழ்கிய வண்டியின் வயரிங் கோளாறு வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

வயரிங் என்றதும் எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீடுகளைத் தேடி வரும். கதகதப்பான பானட்டுக்குள்ளும் குடியேறும். கடித்த வயரை டேப் சுற்றி மறைத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாங்கிய பிறகும் வண்டியை வைக்கோல் போர் பக்கம் நிறுத்தாதீர்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே வாங்கியதும் முதல் வேலை, பழைய பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது. அதோடு டைமிங் பெல்ட், கூலண்ட், பிரேக் ஆயில். பாட்டுப் பெட்டியும் அலாய் வீலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எஸ்டீம் தயாரிப்பு நின்று பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆகவே எந்த எஸ்டீமானாலும் ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆனது. ஆர்.சி. காலாவதியான வண்டியென்றால் இந்தத் தொகையையும் கணக்கில் வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இந்தக் கார்களில் பெரும்பாலும் ஏர்பேக் இல்லை. கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் நிதானமாகப் போய்வர ஏற்றவை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இரவில் நால்வழிச் சாலையில் விரைய ஏற்றவை அல்ல. சீட் பெல்ட் பழுதென்றால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வாங்கி முட்டுக்கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

கடைசியாக, இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி பார்க்கப் போகும்போது உங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வண்டி அமைந்தாலும் அமையாவிட்டாலும் அன்றைய கூலியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.