எங்கே கற்றாய் தம்பி?
(பங்கு வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பதினாறு வயதுப் பையன் கொலை செய்துவிட்டான். என்ன செய்வது? "தூக்கில் போடு" என்பது டீக்கடைத் தீர்ப்பு. நம் மாகாணமோ 1920-லேயே, இந்தியாவுக்கு முன்னோடியாக, குழந்தைகள் சட்டம் இயற்றியது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினாறு நிறைந்தவன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம். ஆனாலும் 21 வயது வரை சிறை கிடையாது. பாதுகாப்பிடத்தில் வைத்துப் படிப்பும் தொழிலும் தரவேண்டும். பிறகு, திருந்தினானா என்று நீதிமன்றம் பார்க்கும். திருந்தியிருந்தால் வெளியே விடலாம். இல்லையென்றால் மீதித் தண்டனைக்குச் சிறை.

ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022 டிசம்பர் 31-ல் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில், வெறும் திருட்டு வழக்கில் வந்த 17 வயதுப் பிள்ளை அடிபட்டு இறந்தான். பணியாளர்களே கைதானார்கள். அதன்பின் இல்லங்களைச் சீரமைக்க வழி சொல்லும்படி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு 2023-ல் நியமித்தது.

உள்ளே நடப்பதை அரசு பார்க்கட்டும். வெளியே? சோழவரத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பட்டறை நடத்துவோர் இங்கே இருக்கிறீர்கள். வெல்டிங் தெரிந்த பையன் வேலை கேட்டு வருகிறான். "எங்கே கற்றாய் தம்பி?" என்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் வேலை கொடுப்பீர்களா?

பட்டறைக்காரர்கள் மட்டும் கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் இருங்கள். பேசவேண்டும்.