பட்டிவாளும் அதன் வாரும்

தச்சுப் பட்டறையொன்றில் காலை வேலை மும்முரமாக நடைபெறுகின்றது. பட்டிவாளின் மேசைமீது கனத்த முதிரைப் பலகையொன்றை வைத்துத் தச்சர் மெல்லத் தள்ளுகின்றார். பாதி வழியில் வாள் நின்றுவிடுகின்றது. மோட்டரோ நிற்கவில்லை; அதன் இரைச்சல் முன்போலவே கேட்கின்றது. ஒரு கீச்சொலி எழுகின்றது. அதனைத் தொடர்ந்து இறப்பர் கருகும் நாற்றம் வருகின்றது. அடுத்து நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே. ஸ்பேனரை எடுத்து வாரை இறுக்குவார்கள். வாள் மீண்டும் ஓடும். சில நாட்களில் மறுபடியும் நிற்கும், மறுபடியும் இறுக்குவார்கள். ஈற்றில் வார் அறுந்துபோகும், அல்லது மோட்டரின் பேரிங் தேய்ந்து அலறத் தொடங்கும். ஒரு வாரின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, மோட்டரின் விலையாக வளர்ந்துவிடும். ஒற்றை இயந்திரத்தை நம்பிப் பிழைக்கும் சிறு பட்டறைக்கு இது சிறிய நட்டமன்று.

தமிழில் வாள் என்பது போர்வீரனின் கருவிக்கும் தச்சனின் கருவிக்கும் பொதுவான பெயர். இரு முனைகளும் ஒட்டப்பட்டு வளையமாகி, மேலும் கீழுமாக அமைந்த இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓயாது ஓடும் பல்லுடைய எஃகுப் பட்டியே பட்டிவாள். இலண்டனில் வில்லியம் நியூபெரி என்பார் 1808ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் ஓயாமல் வளைந்து நிமிரும் பட்டியின் ஒட்டு உடையாதிருக்க வழி தெரியாமையால், அக்கருவி நெடுங்காலம் பட்டறைகளுக்குப் பயன்படவில்லை.

சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டர். மோட்டரின் அச்சில் ஒரு சிறு கப்பியும், கீழ்ச் சக்கரத்தின் அச்சில் அதனிலும் பெரிய கப்பியும் இருக்கும். இரண்டையும் இணைப்பதே தொழிலாளர் பெல்ட் எனச் சொல்லும் வார். 14 அங்குலச் சக்கரமுடைய சாதாரணப் பட்டிவாளொன்றை எடுத்துக்கொள்வோம். மரம் அறுப்பதற்கு அதன் பட்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி ஓடவேண்டுமாயின், சக்கரம் நிமிடத்துக்கு 820 முறை அளவிற் சுழலவேண்டும். நமது மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டரொன்று நிமிடத்துக்கு 1,450 முறை அளவிற் சுழல்வது. அந்த வேகத்தைக் குறைத்து, அதற்கேற்ப விசையைக் கூட்டிச் சக்கரத்துக்குக் கொடுப்பது இக் கப்பிகளின் பணி.

வார் கப்பியைப் பற்றிக்கொள்வது உராய்வினால். அந்தப் பிடி எவற்றைப் பொறுத்தது என்பதைக் கணித மேதை ஓய்லர் காட்டியுள்ளார். வாரின் இழுவிசை, வாருக்கும் கப்பிக்கும் இடையிலுள்ள உராய்வு, கப்பியை வார் சுற்றியணைத்திருக்கும் கோணம் ஆகிய மூன்றுமே அவை. இம் மூன்றில் ஸ்பேனருக்கு அகப்படுவது முதலாவது மட்டுமே. எண்ணெய் பட்டு உராய்வு குறைந்த வாரை எவ்வளவு இறுக்கினாலும் அதன் பிணி தீராது. இறுக்கத்தின் சுமை முழுவதும் பேரிங்கின் தலையில் விழும். சிறிய கப்பியை வார் அணைக்கும் கோணம் குறைவு. ஆதலால் வழுக்கல் பெரும்பாலும் அங்கேயே தொடங்கும். சோதிப்பவர் முதலிற் பார்க்கவேண்டிய இடமும் மோட்டரின் கப்பியே.

பழைய ஆலைகளில் தட்டையான தோல் வார்கள் ஓடின. இன்று பெரும்பாலும் காணப்படுவது ஆப்பு வடிவமான வார். அமெரிக்காவின் டென்வர் நகரில் 1917இல் ஜோன் கேற்ஸ் என்பார் அதனை ஆக்கினார். அதன் நுட்பம் வியக்கத்தக்கது. அது பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை. சாய்ந்த இரு பக்கச் சுவர்களுக்கிடையே ஆப்புப்போற் சிக்குகின்றது. பள்ளத்தின் கோணம் 38 பாகையாயின், அதே இழுவிசையில் தட்டை வாருக்குக் கிடைக்கும் உராய்வைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு அதற்குக் கிட்டும். இந்த நுட்பத்தை மறப்பதனால் விளையும் தொல்லைகள் பல. பள்ளத்தின் சுவர் தேய்ந்து குழிந்துவிட்டால் வார் கீழே இறங்கி அடியைத் தொடும். ஆப்பு அப்பொழுது ஆப்பாக இராது. பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மினுங்குமாயின் நோய் இதுவே. அக்கப்பியில் எத்தனை புதிய வாரைப் போட்டாலும் பயனில்லை, மாற்றவேண்டியது கப்பி. தேய்ந்த வாரும் இவ்வாறே கீழிறங்கும். ஆதலால் புதிய வாரொன்றை வைத்துப் பார்த்து, குற்றம் வாரிலா கப்பியிலா எனத் தெளியலாம்.

வாள் நிற்பதற்கு வார்தான் காரணமென்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. எங்கே வழுக்குகின்றது? எஃகுப் பட்டி மேற்சக்கரத்திலும் கீழ்ச்சக்கரத்திலும் வழுக்கலாம். வார் கப்பியில் வழுக்கலாம். கப்பியே தன் அச்சில் வழுக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரு சுண்ணக்கட்டி போதும். அச்சின் முனையிலிருந்து கப்பியின் மேல்வரை தொடர்ச்சியாக ஒரு கோடு கீறி, இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், கோடு முறிந்திருப்பின் கப்பியின் இறுக்காணி தளர்ந்துள்ளது என்பது புலனாகும். அச்சுச் சாவி தேய்ந்திருப்பினும் இவ்வாறே. இக் குற்றத்தை வாரின் மேற் சுமத்தி வார் மாற்றுவோர் பலர். கோடு முறியாது கப்பி சூடேறி, அதன் அடியிற் கரிய தூள் படிந்திருந்தால் வழுக்குவது வாரே. கீழ்ச்சக்கரம் சுழன்றுகொண்டிருக்கப் பட்டி மட்டும் நின்றால், வாரைத் தொடவே வேண்டியதில்லை. பட்டியின் இழுவையையும் சக்கரத்தின் இறப்பர் ஓரத்தையும் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல் மழுங்கிய பட்டியை வைத்து வைரம் பாய்ந்த மரத்தை வலிந்து தள்ளினால், நல்ல வாரும் வழுக்கத்தான் செய்யும். அவ்வேளை அது வழுக்குவது நன்மையே. பட்டி மரத்திற் சிக்கி நின்றபின் வார் இடங்கொடாவிட்டால் பட்டி முறியும், அன்றி மோட்டர் கருகும். எனவே கீச்சொலி கேட்டவுடன், தள்ளும் கையைத் தளர்த்துவதே முதற்காரியம்.

இனி, கழற்றிய வாரின் முகத்தைப் பார்த்தே பலவற்றை அறியலாம். பக்கங்கள் கடினமாகிப் பளபளத்தால் அது நெடுநாள் வழுக்கி வெந்த வார். பிசுபிசுத்து ஊதியிருந்தால் எண்ணெய் பட்டது; இறப்பருக்கு எண்ணெய் பகை. வழுக்கலை நிறுத்தவென்று வாரின்மேல் ஏதேனும் பசையைத் தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. அன்றைய வேலை அதனால் முடியலாம். மரத்தூள் அதில் ஒட்டித் திரண்டபின் நிலை முன்னதிலும் மோசமாகும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த வார், அடிக்கடி பாய்ந்து வெளியேறும் வார், இவ்விரண்டும் கப்பிகள் ஒரே நேரில் இல்லை என்பதற்குச் சான்று. நேரான மட்டக்கோலொன்றை, அல்லது இறுக இழுத்த நூலை, இரு கப்பிகளின் முகத்தோடும் பிடித்துப் பார்த்தால் கோணல் உடனே தெரியும். சுற்றுக்கு ஒருமுறை 'தொம்' என்று அடிக்கும் ஓசை, இயந்திரம் நெடுநாள் ஓடாது நின்றபொழுது வார் கப்பியின் வளைவிலேயே படிந்து மடிந்ததால் வருவது. சிறிது நேரம் ஓடியபின் அது மறையுமாயின் கவலையில்லை. மறையாவிட்டால் வாரின் உட்பக்கத்தில் வெடிப்பைத் தேடவேண்டும்.

இறுக்கம் எவ்வளவு வேண்டும்? இரு கப்பிகளுக்கும் நடுவிலே வாரை அழுத்தும்பொழுது, 16 அங்குல இடைவெளிக்குக் கால் அங்குலம் தாழ்வது பொதுவான அளவு. வீணைத் தந்திபோல் விண்ணென்று ஒலிக்கவேண்டும் என்பது தச்சரிடையே நிலவும் ஒரு நம்பிக்கை. அது பேரிங்கைக் கொல்லும் நம்பிக்கை. வழுக்காத அளவில் மிகக் குறைந்த இறுக்கமே சிறந்த இறுக்கம். மோட்டர் நிற்கும் தகட்டின் ஆணிகள் தளர்ந்திருந்தால், இன்று வைத்த இறுக்கம் நாளை இராது. அவற்றையும் பார்ப்பது முறை.

இவற்றில் எதனைச் செய்வதற்கும் முன் ஆளியை நிறுத்துவது போதாது, மின்தொடுப்பையே கழற்றிவிடவேண்டும். மின்சாரம் நின்றபின்னும் கனத்த சக்கரம் சில நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். வாரும் கப்பியும் சேருமிடத்தில் அகப்பட்ட விரலை வார் விடாது. காப்புமூடியைக் கழற்றிய நிலையில், ஓடும் வாரிற் கைவைத்து இறுக்கம் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தச்சனுக்கு விரல் போனால் தொழில் போயிற்று. அவனை நம்பிய குடும்பத்தின் அடுப்பும் அணைந்தது. சோதனைக்காக ஓட்டிப் பார்க்கும்பொழுதும் மூடியை மாட்டியே ஓட்டவேண்டும்.

புதிய வார் வாங்கச் செல்பவர் பழைய வாரைக் கையோடு கொண்டுபோதல் நன்று. அதன் முதுகில் அச்சிட்ட எழுத்து அகலத்தையும் எண் நீளத்தையும் குறிக்கும். அரை அங்குல அகலமுள்ளது 'ஏ' வகை. 'பி' வகை அதனிலும் அகன்றது. அகலம் பொருந்தாத வார் பள்ளத்தில் மேலோங்கி நிற்கும், அல்லது அடியில் அமிழ்ந்துவிடும். இரண்டு வார்கள் இணையாக ஓடும் இயந்திரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன பழைய வார் சும்மா இருக்க, சுமை முழுவதையும் புதியதே தாங்கும். ஆதலால் இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும். மாட்டும்பொழுது மோட்டரைத் தளர்த்தி நகர்த்தியே மாட்டுதல் வேண்டும். திருப்புளியால் நெம்பி ஏற்றினால், கண்ணுக்குத் தெரியாது உள்நார்கள் அறும்; அந்த வார் சில கிழமைகளில் முரண்டு செய்யும். புதிய வார் முதல் நாள் ஓட்டத்திற் சற்று நீளும். எனவே மறுநாட் காலை மின்தொடுப்பைக் கழற்றி, அதன் இறுக்கத்தை இன்னொருமுறை பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். நெடுநாட் பட்டறையைப் பூட்டிவிட்டுச் செல்வோர், வாரைத் தளர்த்திவிட்டே செல்வது நல்லது.