நாளொன்றுக்கு 33 ரூபாய்
(வடசென்னையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வால்டாக்ஸ் சாலையிலிருந்தும் பிராட்வேயிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, ராத்திரி டூட்டி முடித்துத் தூங்காமல் நேரே இங்கு வந்திருக்கும் காப்பகப் பணியாளர்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர், வீடற்றோர் காப்பகங்களுக்கு நிதி தருவதற்காக மாநகராட்சிக்கு நன்றி சொன்னார். நன்றி சொல்வது நல்ல பழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நம் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளிடமும் மாநகராட்சிகளிடமும் ஒப்படைக்கத்தக்க வேலைகள் என்று 18 இனங்களை அதன் பன்னிரண்டாவது அட்டவணை வரிசைப்படுத்துகிறது. சாலை, குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் அதில் உண்டு. அதே பட்டியலில் நலிந்தோரின் நலன் காப்பதும் உண்டு. நகர்ப்புற வறுமையை ஒழிப்பதும் உண்டு. தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். அந்த விளக்குக்குக் கீழே ஒரு குடும்பம் படுத்திருந்தால் மட்டும் யார் கதவைத் தட்டுவது என்று நமக்குத் தெரிவதில்லை. இரண்டும் ஒரே பட்டியல், தோழர்களே!

2010இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் பச்சையாகச் சொன்னது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும். அது ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2016இல் மறுபடியும் நீதிமன்றம் கேட்டது: பணமும் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது, தேவையான காப்பகங்கள் எங்கே? பதில் கண்டுபிடிக்க நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவே போட வேண்டியிருந்தது.

ஆக, காப்பகம் நடத்துவது மாநகராட்சியின் வேலை. அந்த வேலையைத் தானே செய்யாமல் ஒரு தொண்டு நிறுவனத்தை அழைத்து, "கட்டடம் தருகிறோம், காசு தருகிறோம், நீங்கள் நடத்துங்கள்" என்கிறது. தவறில்லை. நள்ளிரவில் காவல் துறை ரோந்து வண்டி இறக்கிவிட்டுப் போகிற மனிதர், பேச முடியாமல், காலில் சீழ் வைத்த புண்ணோடு நிற்பார். அவரைக் குளிப்பாட்டி, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பேரையும் ஊரையும் மெல்ல மெல்லக் கேட்டறிந்து, வீட்டுக்குப் போன் போடுகிற பொறுமை இந்த அமைப்புகளிடம்தான் இருக்கிறது. அரசு அலுவலக நேரம் காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. பிளாட்பாரத்தில் தொல்லை ராத்திரி பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது.

சரி, அந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள்? 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கணக்கைச் சொல்கிறேன். ஐம்பது பேர் தங்கும் ஒரு காப்பகத்துக்கு நடத்தும் செலவு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று அது வைத்தது. மாதத்துக்கு 50,000. ஓர் ஆளுக்கு மாதம் ஆயிரம். நாளொன்றுக்கு 33 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு! பக்கத்து டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுப் பாருங்கள், மீதி எவ்வளவு வருகிறதென்று. (சிரிப்பு)

சிரிக்கலாம். ஆனால் கணக்கை முடித்துவிட்டுச் சிரிப்போம். காப்பகம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டுமென்றால் மூன்று ஷிப்ட் வேண்டும். ஷிப்டுக்கு ஒரே ஓர் ஆள், அவருக்கு வெறும் 12,000 சம்பளம் என்று வைத்தாலும் 36,000 போய்விட்டது. வார விடுப்பு கிடையாது, மேலாளர் கிடையாது, பி.எஃப். கிடையாது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. மிச்சம் 14,000. ஐம்பது பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு மாதம் 280 ரூபாய். சோப்பு, பினாயில், பாய், போர்வை, கரண்ட் பில், மருந்து, ஆட்டோ எல்லாம் இதற்குள்ளே. 2013இல் போட்ட இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு காப்பகம் நடத்தச் சொன்னால், எந்த அதிகாரி முன்வருவார்?

அப்படியானால் எப்படி நடக்கிறது? இங்கே உட்கார்ந்திருக்கிற காப்பகப் பெண் பணியாளர்கள் குறைந்த சம்பளத்தில் இருவர் வேலையை ஒருவர் பார்ப்பதால் நடக்கிறது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர் அரிசி மூட்டை தருவதால் நடக்கிறது. பிறந்தநாள், நினைவுநாளுக்கு யாரோ சோறு போடுவதால் நடக்கிறது. ஆக, மாநகராட்சி தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது என்று சொல்லாதீர்கள். இந்த ஏழைப் பெண்களின் உழைப்புதான் மாநகராட்சிக்கு மானியம் தந்துகொண்டிருக்கிறது! (பலத்த கைதட்டல்)

அந்தக் குறைந்த தொகையாவது நேரத்துக்கு வருகிறதா? மானியம் தவணையாக வரும். முதல் தவணைக்கு யூ.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. யூ.சி. கேட்பது சரி, பொதுப்பணம். ஆனால் யூ.சி. கொடுத்த பிறகும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கோப்பு நகராத மாதங்களில் என்ன ஆகும்? கடன் வாங்கத் தெம்புள்ள பெரிய அமைப்பு தாக்குப்பிடிக்கும். தெருவைத் தெரிந்த, அங்கே படுத்திருப்பவர்களைப் பேர் சொல்லி அழைக்கிற சின்ன அமைப்பு மூடிவிட்டுப் போகும்.

சொத்து வரியை நாம் தாமதமாகக் கட்டினால் மாநகராட்சி என்ன செய்கிறது? தனிவட்டி போடுகிறது. போடட்டும், விதி அது. அதே விதி திரும்பி வரக் கூடாதா? சிறு தொழில் செய்கிறவரிடம் பொருள் வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தராவிட்டால் வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இரும்பு போல்ட் விற்றவருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, நாதியற்றவரின் புண்ணுக்கு மருந்து போட்ட பெண்ணின் சம்பளத்துக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இன்னொன்று, தோழர்களே. அரசாங்கம் போதுமான பணம் தராத இடத்தில், சொந்தப் பணம் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்த நிபந்தனையோடு வந்து உட்காருவார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு கொடுக்க அட்சய பாத்திரா அமைப்போடு ஏற்பாடு செய்தார்களே, நினைவிருக்கிறதா? சமையற்கூடத்துக்குக் கிரீம்ஸ் சாலையில் நிலம் கொடுக்கப்பட்டது. ஆளுநரின் விருப்ப நிதியிலிருந்து கோடிக்கணக்கில் பணம் போனது. ஆனால் சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது என்பது அந்த அமைப்பின் கொள்கை. நிலம் நம்முடையது, பிள்ளை நம்முடையது, என்ன சாப்பிட வேண்டும் என்பது மட்டும் அவர்கள் முடிவு! 2023இல் அந்த நிதியைப் பற்றிச் சட்டமன்றத்தில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் கேள்வி எழுப்பினார். இதற்கிடையில் 2022 செப்டம்பரில் அரசே காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

"ஐயா, என்.ஜி.ஓ. என்றாலே பித்தலாட்டம், பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் சுருட்டிவிடுவார்கள்" என்று ஒரு குரல் கேட்கிறது. சுருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது பேர் தங்குவதாகப் பதிவேட்டில் எழுதி இருபது பேரைத் தங்க வைக்கிறவர்களை நாம் ஏன் பாதுகாக்க வேண்டும்? பிடியுங்கள். அதற்கு வழியும் இருக்கிறது. அரசுப் பணத்தில் பெருமளவு இயங்கும் தொண்டு நிறுவனமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இங்கே மேடையில் இருக்கும் நிறுவனத்தாருக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: முழுக் கூலி கேட்கிற வாய், முழுக் கணக்கும் சொல்ல வேண்டும். ஆனால் திருடனைக் காட்டி, நேர்மையாக உழைப்பவளின் சம்பளத்தைக் குறைப்பது என்ன நியாயம்? ரோடு போடுவதில் ஊழல் நடக்கிறது என்பதற்காக யாராவது தாரை நிறுத்தினார்களா?

"பணம் இல்லை" என்பது அடுத்த பதில். 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது நகரத்தை நடத்தப் பணம் வேண்டும் என்றுதானே சொன்னார்கள்? தெருவில் படுத்திருப்பவரும் அந்த நகரம்தான். மத்திய அரசுக்கும் ஒரு வார்த்தை. அந்த வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்தது. அக்டோபர் 1ஆம் தேதி காலையில் பிராட்வே பிளாட்பாரம் காலியாகிவிட்டதா? திட்டத்துக்குக் கடைசித் தேதி இருக்கலாம். வீடில்லாமல் இருப்பதற்குக் கடைசித் தேதி கிடையாது. அதனால்தான் இந்தச் செலவு, வந்து போகும் திட்டங்களில் தொங்காமல், மாநகராட்சியின் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தரத் தலைப்பாக இருக்க வேண்டும் என்கிறோம்.

இது புதுமையான கோரிக்கை அல்ல. 1920இல், வெள்ளைக்காரன் ஆட்சியில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த இதே மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல் தன் நிதியிலிருந்தே செலவு செய்தது. கல்வி நிதியில் சாப்பாட்டுச் செலவு கூடாது என்று 1925இல் மேலே இருந்தவர்கள் நிறுத்தினார்கள். நூறு ஆண்டு கழித்து யார் வென்றார்கள்? தலைப்பைக் காட்டித் தடுத்த அதிகாரியின் பெயர் யாருக்கும் தெரியாது. சோறு போட்டவர் பெயரில் நகரே இருக்கிறது. (கைதட்டல்)

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, இன்றைய விலைவாசிக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் ஏற்ப மானியத்தைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். இரண்டு, கணக்குக் கொடுத்த 45 நாளில் தவணை வர வேண்டும். தவறினால் தனிவட்டியோடு வர வேண்டும். மூன்று, ஒவ்வொரு காப்பகத்தின் வாசலிலும் பலகை: வந்த தொகை, செலவான தொகை, நேற்று ராத்திரி தங்கியவர் எண்ணிக்கை. நான்கு, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று பிரித்தால் புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம், பதினான்கு வயதுப் பையன் எங்கே? குடும்பத்தோடு தங்கும் காப்பகங்கள் வேண்டும்.

இதை எங்கே கேட்பது? நம் பகுதிக்கான ஏரியா சபையில். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். வீடில்லாதவருக்கும் வாக்காளர் பட்டியலில் இடம் உண்டு. அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று ராத்திரியில் நேரில் போய்ப் பார்க்கும்படி தேர்தல் ஆணையமே தன் அலுவலருக்குச் சொல்லியிருக்கிறது. ஓட்டுக்காக உங்களை ராத்திரியில் தேடி வர அரசாங்கத்துக்குத் தெரிகிறது. அப்படியானால் அந்த ராத்திரியைப் பற்றிப் பேச உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்த சபைக்கு வாக்காளர் அட்டையோடு வாருங்கள். இந்த நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று கவுன்சிலர் சொன்னால், எந்த மேலே, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு அதையும் பதிவேட்டில் எழுத வையுங்கள். எழுதி முடித்து, கையெழுத்து விழுந்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்.