எதிர்பாராத உதிரக் கறையும் கர்ப்பத்தின் முதற் குறிகளும்

(கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



பயிர்க்கடனையும் விதையையும் பற்றிப் பேசும் இச்சபையில் ஸ்திரீகளின் மாதவிலக்கைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் கருதலாம். மலையிலிருந்து நோயாளியைக் கீழே கொண்டுவரும் வண்டிக்கும் பணத்துக்கும் முடிவு சொல்பவர்கள் பெரும்பாலும் புருஷர்களே. ஆகையால் அவர்களும் இதை அறிந்திருத்தல் அவசியம்.

கருவுற்ற பின் ஏறக்குறைய 6 முதல் 12 நாட்களுக்குள் கரு கர்ப்பப்பையின் சுவரில் பதிகிறது. அச்சமயம் சிலருக்கு இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ சிறிது கறை காணும். சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ இருந்து அது நின்றுவிடும்; கட்டியாக வராது. விலக்கு வரவேண்டிய நாளுக்குச் சமீபத்தில் இது நேர்வதால், "இம்மாதம் தூரமாகிவிட்டாள்; கர்ப்பமில்லை" என்று வீட்டார் தீர்மானித்துவிடுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. கறை வேறு, மாதவிலக்கு வேறு.

கறை கண்டவரெல்லாம் கர்ப்பவதிகள் என்றும் எண்ணலாகாது. கர்ப்பத்தடை மாத்திரை, ஊசி, காப்பர்-டி ஆகியவற்றாலும், கிருமித் தொற்றாலும், கர்ப்பப்பைக் கட்டியாலும் கறை உண்டாகலாம். சேர்க்கைக்குப் பின்னோ, விலக்கு முற்றிலும் நின்ற வயதிலோ கறை கண்டால், புற்றுநோய் உண்டா என்று வைத்தியரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

விலக்குத் தவறுதல், குமட்டல், ஸ்தனங்களில் நோவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், மிகுந்த அயர்வு ஆகியவை கர்ப்பத்தின் முதற் குறிகளாம். ஊகிப்பதைவிடச் சோதனையே மேல். கிராம சுகாதாரச் செவிலியரையோ, மலையூர்களில் ஆஷா ஊழியரையோ அணுகிச் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளலாம். விலக்கு வரவேண்டிய நாள் கடந்தபின், காலையின் முதற் சிறுநீரில் சோதிப்பது நன்று. கர்ப்பமில்லை என்று காட்டியும் விலக்கு வராவிட்டால், ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

கர்ப்பம் உறுதியான பின்னும் முதல் 3 மாதங்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு உதிரம் காண்பதுண்டு. அவர்களில் பலர் சுகமாகப் பிரசவிக்கின்றனர். ஆயினும் 100 கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகிறது. குழாய் வெடித்தால் உதிரம் வயிற்றுக்குள்ளேயே பெருகும். வெளியே சொற்பக் கறைதான் தெரியும். ஆதலால் கறை குறைவென்று ஏமாறலாகாது. அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், துணி விரைவில் நனையும்படியான போக்கு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கஷாயமும் கடை மாத்திரையும் கொடுத்துக் காலம் போக்காதீர்கள். வலியில்லாத கறையாயினும், கர்ப்பவதி அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டவேண்டும். ரத்த வகை நெகடிவ் ஆனால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

2019-இல் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியில் 2022-இல் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்தார் கச்சிராயபாளையம் வழியே மலைப்பாதை இறங்கியே அங்கு சேர வேண்டும். வண்டி செல்லாத குக்கிராமத்தாருக்கோ முதலில் பாதையை அடைவதே பிரயாசை. நகரத்தில் அரைமணி யோசித்தால் ஈடுசெய்யலாம்; மலையில் அது உயிரைக் கேட்கும்.

ஆதலின் மூன்று காரியங்களைச் சங்கத்தார் மேற்கொள்ளலாம். முதலாவது, கடன் தவணைத் தேதியைக் குறித்துவைப்பதுபோல், வீட்டு நாட்காட்டியில் விலக்குத் தேதியைக் குறிக்கும் வழக்கத்தை அங்கத்தினர் குடும்பங்களில் பரப்புதல். இரண்டாவது, இரவிலும் வரக்கூடிய வண்டிக்காரர் பெயர்களைச் சங்கக் கட்டடத்தில் எழுதிவைத்தல். மூன்றாவது, சங்க விதிகள் இடந்தரும் அளவுக்கு அவசரச் செலவுக்கென ஒரு தொகையை ஒதுக்குதல். கர்ப்பத்தை 12 வாரங்களுக்குள் பதிவுசெய்தால், சிகிச்சை சீக்கிரம் தொடங்குவதோடு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெறுவதற்கும் அது துணையாகும்.

கறை கண்ட பெண் அதை வெட்கமின்றிச் சொல்லவும், சொன்னதை வீட்டார் அலட்சியமின்றிக் கேட்கவும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் பிரசங்கத்தை முடித்துக்கொள்கிறேன்.