தெளிவுக் கனவும் பதறாத மனமும்



தேர்வு மண்டபத்தில் அமர்ந்திருக்கிறோம். வினாத்தாளில் ஒரு வரியும் விளங்கவில்லை. நெற்றியில் வியர்வை அரும்புகிறது. பள்ளியை விட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டனவே, இப்போது ஏன் தேர்வு எழுதுகிறோம் என்ற கேள்வி மட்டும் நமக்கு எழுவதே இல்லை. கண் விழித்த பிறகுதான், "அட, கனவுதானா!" என்று மூச்சு விடுகிறோம்.

சிலருக்கு அந்தக் கேள்வி கனவுக்குள்ளேயே எழுந்துவிடுகிறது. 'இது கனவு' என்று தெரிகிறது. தெரிந்த பின்னும் கனவு தொடர்கிறது. இதனைத் தெளிவுக் கனவு என்று அழைப்போம். நெதர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் பிரடெரிக் வான் ஈடன் தம் கனவுகளைப் பல ஆண்டுகள் குறித்து வைத்து, 1913ஆம் ஆண்டில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

இது வெறும் கற்பனையாக இருக்கலாமே என்று நேயர்கள் ஐயுறலாம். அறிவியலாரும் நெடுங்காலம் அப்படித்தான் ஐயுற்றனர். கனவு மிகுந்த உறக்கத்தில் நம் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். ஆனால் கண்விழிகள் மட்டும் மூடிய இமைகளுக்குள் விரைந்து அசையும். இதைப் பயன்படுத்திக்கொண்டார் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் ஹெர்ன். 1975ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆலன் வோர்ஸ்லி என்பவர் அவருடைய ஆய்வுக்கூடத்தில் உறங்கினார். கனவு என்று தெரிந்ததும், முன்பே பேசிக்கொண்டபடி விழிகளை இடமும் வலமுமாக அசைத்தார். உறங்குகிறவரிடமிருந்து வந்த அந்தச் செய்தியைக் கருவி பதிவு செய்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜும் இதைத் தனியே மெய்ப்பித்தார்.

சரி, முயன்றால் இக்கனவு வருமா? லபெர்ஜ் வகுத்த முறை எளியது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உறங்கிய பின் எழுந்திருக்க வேண்டும். விடியலை நெருங்க நெருங்கக் கனவு உறக்கம் நீளுகிறது என்பதே இதற்குக் காரணம். சற்று முன் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, அடுத்த கனவில் அது கனவு என்று நினைவு கொள்வோம் எனத் தீர்மானித்து, மீண்டும் படுக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தீர்மானம் செய்தவர் உறங்க வேண்டுமே! 'இன்றைக்கு எப்படியும் கண்டே தீருவது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பவருக்கு உறக்கம் வருமா? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பார். 'உறங்கிவிட்டோமா?' என்று தம்மைத் தாமே சோதிப்பார். அந்தச் சோதனையே வந்த உறக்கத்தைக் கலைத்துவிடும். காலையில் கனவும் இல்லை, உறக்கமும் இல்லை. சிவந்த கண்களோடு வேலைக்குப் போக வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளில் போகிறவராக இருந்தால் இது சிரிப்புக்குரிய செய்தியும் அல்ல.

ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி என்ற ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. இம்முறையையும் வேறு சில பயிற்சிகளையும் ஒரு வாரம் சேர்த்துச் செய்தவர்களின் முயற்சிகளில் நூற்றுக்கு 17 பலித்தன. பயிற்சி முடிந்து ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களின் முயற்சிகளிலோ ஏறத்தாழ நூற்றுக்கு 46 பலித்தன. விரைவில் உறங்கியவர்கள் எல்லாரும் மன அமைதி உடையவர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. இயல்பாகவே உறக்கம் எளிதில் வருகிறவர்களும் அவர்களுள் இருந்திருக்கலாம். ஆனாலும் தீர்மானத்தை மனத்தில் போட்டுவிட்டு உடனே உறங்க முடிவது பெரும் துணை என்பது தெரிகிறது.

தெரிந்தவர் ஒருவரின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும். எவ்வளவு முயன்றாலும் வராது. விட்டுவிட்டுத் தேநீர் கலக்கப் போனால், கரண்டியும் கையுமாக நிற்கும்போது தானே வந்துவிடும். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். விதையை ஊன்ற வேண்டும். மணிக்கொரு தரம் தோண்டிப் பார்க்கக் கூடாது.

கனவுக்குள் நுழைந்த பிறகும் ஓர் இடர் உண்டு. இந்த உரைக்காக நாமும் சில வாரங்கள் முயன்றோம். முதல் இரண்டு வாரங்களில் நாம் அறிந்துகொண்டதெல்லாம், அடுத்த வீட்டுச் சேவல் எத்தனை மணிக்குக் கூவுகிறது என்பதே. பிறகு, முயற்சியை ஏறத்தாழ மறந்திருந்த ஒரு விடியற்காலையில், கனவில் ஒரு நாட்காட்டியைப் பார்த்தோம். திரும்பிப் பார்த்தபோது அதன் எண்கள் மாறியிருந்தன. "கனவு!" என்று நெஞ்சு துள்ளியது. துள்ளிய வேகத்தில் விழித்துக்கொண்டோம். முழுதாகப் பத்து விநாடி இருந்திருக்குமா என்பது ஐயமே.

தொடக்கத்தில் பலருக்கும் நேர்வது இது. கிளர்ச்சி மிகுந்தால் உறக்கம் கலைகிறது. ஆதலால் கனவு என்று தெரிந்தவுடன் பறக்க முயல வேண்டாம். நின்று, கனவிலேயே இரு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, சுற்றியுள்ளவற்றை நிதானமாகப் பார்க்கும்படி பழகியவர்கள் கூறுகின்றனர். கலைந்தால் கலைந்து போகட்டும் என்றிருப்பவருக்கே அது சற்று நீடிக்கிறது.

பயங்கரக் கனவுகளால் அவதிப்படுகிறவர்களுக்கு இப்பயிற்சி உதவுமா என்றும் மருத்துவ ஆய்வுகள் நடந்துள்ளன. நெதர்லாந்தில் 2006ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அத்தகைய கனவுகள் குறைந்தன. ஆனால் துரத்துகிறவனைக் கண்டு நடுங்கும் வேளையில் 'இது கனவு' என்று நிற்பது எளிதன்று. பகலில் மருத்துவரின் துணையோடு பொறுமையாகப் பழக வேண்டிய ஒன்று அது.

ஏற்கெனவே உறக்கமின்மையால் துன்புறுகிறவர்களும், இரவு வேலை செய்கிறவர்களும் நடு இரவில் எழும் பயிற்சியைத் தொடங்காதிருப்பதே நல்லது. மற்றவர்கள் விடுமுறைக்கு முந்திய இரவில் வாரம் ஒருமுறை செய்து பார்க்கலாம். எழுந்து இருபது நிமிடங்களாகியும் உறக்கம் திரும்பவில்லையென்றால், தீர்மானத்தை அன்றைக்குக் கைவிட்டுவிடுங்கள். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.