ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

பொம்மை வீட்டின் அறை முதலில் கணக்கில்தான் கட்டப்படுகிறது. மரமும் பசையும் பிறகு வருகின்றன. பெரியவர்கள் கலைப்பொருளாகச் செய்து சேர்க்கும் சிற்றளவு வீடுகளில் பெரும்பாலானவை பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அமைந்தவை. நிஜ வீட்டின் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். 9 அடி உயரக் கூரை 9 அங்குலத்தில் நிற்கும். 30 அங்குல உயர மேசை இரண்டரை அங்குலமாகும். 18 அங்குல உயரத்தில் இருக்கும் நாற்காலி இருக்கை ஒன்றரை அங்குலத்துக்கு இறங்கிவிடும். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கில் பழகிய தச்சருக்கு இதில் வகுத்தல் பெருக்கல் எதுவும் தேவையில்லை. குழந்தைகள் விளையாடும் சுவீடன் நாட்டு லுண்ட்பி வீடுகள் பதினெட்டில் ஒரு பங்கு. இடம் குறைந்தவர்கள் இருபத்து நான்கில் ஒன்று, நாற்பத்தெட்டில் ஒன்று என்றும் இறங்குவதுண்டு. எந்த அளவை எடுத்தாலும் அறைக்குள் அது மாறக்கூடாது. பன்னிரண்டில் ஒன்றாகச் செய்த கட்டிலருகே பதினெட்டில் ஒன்றான அலமாரியை வைத்தால், அளவுகோல் இல்லாமலே கண் அதைப் பிடித்துவிடும்.

இந்தக் கலை குழந்தைகளுக்காகத் தோன்றியதல்ல. ஆம்ஸ்டர்டாமில் பட்டு வணிகர் ஒருவரின் மனைவியான பெட்ரோனெல்லா ஊர்ட்மன், 1686 முதல் 1710 வரையிலான காலத்தில் ஒரு பேழைக்குள் அறை அறையாக ஒரு வீட்டை அமைத்தார். ஆமை ஓடு பதித்த அந்தப் பேழை இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கான பீங்கான் பாத்திரங்கள் சீனாவிலிருந்து தருவிக்கப்பட்டன. விரல் நுனியளவு தட்டுகள் கப்பலேறி வந்ததிலிருந்தே செலவை ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1921-க்கும் 1924-க்கும் இடையில், பிரிட்டிஷ் அரசி மேரிக்காக எட்வின் லட்யன்ஸ் ஒரு பொம்மை மாளிகையை வடிவமைத்தார். அதே ஆண்டுகளில் புது டெல்லியின் பிரமாண்டக் கட்டடங்களும் அவர் மேசையில்தான் உருவாகிக்கொண்டிருந்தன. சுமார் 1,500 கலைஞர்களும் கைவினைஞர்களும் உழைத்த அந்த மாளிகை இப்போது விண்ட்சர் கோட்டையில் உள்ளது. அதன் குழாய்களில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். நூலகத்துக்கென்றே கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

மாளிகை எழுப்ப எல்லோராலும் முடியாது. ஓர் அறை போதும். அதற்கும் ஒரு சங்கடம் உண்டு. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சுருக்கலாம். பொருளின் தடிமன், எடை, விறைப்பு, பளபளப்பு ஆகியவை அவ்வளவு எளிதில் சுருங்குவதில்லை. சாதாரணத் தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். பொம்மை வீட்டில் அது 1.2 மில்லிமீட்டர் அட்டைக்குச் சமம். நிஜத் தாளில் ஐம்பது ஏடுகளைத் தைத்து ஒரு குட்டிப் புத்தகம் செய்தால், அங்கே வசிப்பவர்களுக்கு அது ஆறு சென்டிமீட்டர் தடிமனாக இருக்கும். அலமாரியில் காணும் புத்தகங்களில் பெரும்பாலானவை முதுகில் தோல் ஒட்டிய மரத்துண்டுகளாக இருப்பது இதனால்தான். கைவினைஞரின் திறமை பெரும்பாலும் இப்படிச் சுருங்க மறுக்கும் பொருள்களைச் சமாளிப்பதிலேயே வெளிப்படுகிறது.

வேலை அட்டை மாதிரியிலிருந்து தொடங்குகிறது. தரை, பின்சுவர், இரு பக்கச் சுவர்கள், கூரை ஆகியவற்றை மலிவான அட்டையில் வெட்டி ஒட்டுநாடாவால் நிறுத்திப் பார்த்தால், கதவும் சன்னலும் எங்கே வர வேண்டும் என்பது தெரிந்துவிடும். பொதுவாக முன்பக்கம் திறந்திருக்கும். பார்வையாளரின் கண் அந்த வழியாகத்தான் நுழைகிறது. சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ள தோர்ன் அறைகள் இந்தக் கண்ணோட்டத்துக்கு நல்ல பாடம். நார்சிசா தோர்ன் என்ற பெண்மணி 1932 முதல் 1940 வரை தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தவை அவை, 68 அறைகள். ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் உள்தோற்றம் நூற்றாண்டுதோறும் எப்படி மாறியது என்பதை அவை காட்டுகின்றன. பல அறைகளில் ஒரு கதவு பாதி திறந்திருக்கும். அதற்கப்பால் ஒரு நடைவழியோ தோட்டமோ கொஞ்சம் மட்டும் தெரியும். அந்தச் சிறு துண்டுக்காக ஒரு தோட்டத்தையே செய்ய வேண்டியிருந்தாலும், அறை ஒரு வீட்டின் பகுதி என்று நம்ப வைப்பது அதுதான்.

சுவருக்கு பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, ஃபோம் போர்டு ஆகியவை பழக்கத்தில் உள்ளன. 9 மில்லிமீட்டர் பிளைவுட் நிஜ வீட்டின் சுமார் 4 அங்குலத் தடுப்புச் சுவருக்கு நிகர். 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு வெட்ட எளிது. ஆனால் அது 6 சென்டிமீட்டர் சுவர்தான். சன்னல் குழியில் அந்த மெலிவு பல்லைக் காட்டிவிடும். எனவே வெளிச்சுவரை மட்டும் இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிக் கனப்படுத்துகிறார்கள். எல்லாவற்றையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே பசை. மூலைகள் செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது அலுப்பூட்டும் வேலைதான். அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பின்னால் கூரையோரச் சட்டம் பொருந்தாமல் இழுத்தடிக்கும்.

அடுத்தது மின்கம்பி. சுவர்த்தாள் ஒட்டிய பிறகு விளக்கை நினைத்துக்கொள்பவர் தாளைக் கிழிக்க நேரும். மெல்லிய செப்பு நாடாவைச் சுவரில் ஒட்டி அதன்மேல் தாளை மூடுவது ஒரு முறை. பலகையில் காடி வெட்டிக் கம்பியைப் புதைத்து, அறையின் பின்புறம் வெளியே எடுப்பது இன்னொன்று. பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் எரிந்தன. இன்று 3 வோல்ட் எல்.இ.டி. விளக்குக்குப் பொத்தான் மின்கலமே போதும். மேசை விளக்குக்கு மஞ்சள் ஒளி, சன்னலுக்கு வெளியே பார்வைக்குத் தெரியாத இடத்தில் வெள்ளை ஒளி என்று பிரித்து வைத்தால் அறைக்குள் பகல் வந்துவிடும். தோர்ன் அறைகளின் அழகில் பாதி இந்த மறைவான ஒளியால் வந்தது.

சுவர்த்தாளில் பூ வேலைப்பாடு கணக்கைக் கெடுக்கும். கடையில் கிடைக்கும் பரிசுத் தாளில் இரண்டு அங்குலப் பூ இருந்தால், அந்த அறையில் வசிப்பவருக்கு அது இரண்டடிப் பூ. கால் அங்குலத்துக்கு மேற்படாத பூக்களே அடக்கமாகத் தோன்றும்.

தரையை ஐஸ் குச்சிகளைக் கொண்டே அமைத்துவிடலாம். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலக் குச்சி, 12 சென்டிமீட்டர் அகலப் பலகையாகிவிடுகிறது. இருபுறமும் வளைந்த முனைகளை வெட்டி, சாயம் பூசி, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். முதலில் ஒட்டினால் பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளைத் திட்டுகள் நின்றுவிடும். அடுத்தடுத்த வரிசைகளில் மூட்டுகள் நேர்க்கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி அமைவது நல்லது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்காத வார்னிஷ். மிகுந்த பளபளப்பு சிற்றளவுப் பொருளைப் பிளாஸ்டிக் போலக் காட்டிவிடும். சுவரும் தரையும் சந்திக்கும் இடைவெளியை மறைக்கும் ஸ்கர்ட்டிங் சட்டம் கடைசியில் வருவது. அதற்கு முன் நடந்த சிறு பிசகுகள் பலவற்றை அது பெருந்தன்மையோடு மூடிக்கொள்கிறது.

மரச்சாமான்களுக்கு மரத்தின் ரேகை முக்கியம். ஓக் மரத்தில் ரேகையும் துளைகளும் பெரியவை. குட்டி நாற்காலியில் அவை வெடிப்புகளாகத் தெரியும். பேரி மரம், பாக்ஸ்வுட், பாஸ்வுட் போன்ற நெருக்கமான ரேகையுள்ள மரங்களைத் தேடுவது இதற்காக. பால்சா வெட்ட எளிது என்றாலும் மென்மையானது. நகம் பட்டாலே பள்ளம் விழும்.

எல்லாவற்றையும் விட முரண்டு பிடிப்பது துணி. எட்டடித் திரைச்சீலையை அதன் எடையே கீழே இழுத்து மடிப்பு விழச் செய்கிறது. அதே துணியில் எட்டு அங்குலம் வெட்டித் தொங்கவிட்டால், இழுக்க எடை போதாமல் அது விரிந்து விறைத்து நிற்கும். ஆகவே மெல்லிய பட்டு அல்லது பருத்தியை எடுத்து, மடிப்புகளை ஊசியால் பலகையில் குத்தி, கஞ்சியோ முடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயோ போட்டு, காய்ந்தபின் எடுக்கிறார்கள். கட்டில் விரிப்பின் ஓரங்களையும் இப்படித்தான் தாழச் செய்ய வேண்டும். தண்ணீரும் கீழ்ப்படியாது. மேற்பரப்பு இழுவிசையால் அது குட்டிக் குவளையில் கண்ணாடி மணியாகத் திரண்டுவிடுவதால், தெளிந்த ரெசினே அங்கே தண்ணீராக நடிக்கிறது.

இனிச் சாமான்களை அடுக்குதல். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் அறையை நிரப்பிவிடுகிறார்கள். நிரம்பிய அறை கடைக் கண்ணாடிப் பெட்டியாகிவிடும். குறைவான சாமான்களோடு பயன்பாட்டின் சுவடுகள் இருந்தால் அறைக்கு உயிர் வரும். சுவடு எங்கே விழும் என்பதற்கும் நியாயம் உண்டு. வாசற்படியின் நடுப்பகுதி தேயும், நாற்காலிக் கையின் முனை வெளுக்கும், மின்விசைப் பொத்தானைச் சுற்றிக் கறுக்கும். நீர் கலந்த பழுப்பு வண்ணத்தைத் தடவி உடனே துடைத்தால் மூலைகளில் மட்டும் அழுக்கு தங்கும். அமெரிக்காவில் பிரான்செஸ் கிளெஸ்னர் லீ 1940-களில் செய்த அறைகள் இந்த நுணுக்கத்தின் உச்சம். அவை மர்ம மரணங்கள் நிகழ்ந்த அறைகள்; காவல்துறையினருக்குத் தடயம் தேடப் பயிற்சி தருவதற்காக, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அமைக்கப்பட்டவை. பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசிகளைக் கொண்டு அவரே பின்னினார். ஒரு கறையோ கவிழ்ந்த பாத்திரமோ தடயமாகக்கூடிய அறையில் எந்தப் பொருளையும் போகிறபோக்கில் வைத்துவிட முடியாது.

முடிந்த அறைக்கு முன்பக்கக் கண்ணாடி அவசியம். தூசி நிஜ உலகின் அளவிலேயே வந்து விழுகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு மேசையில் ஓர் இழைத் தூசி கயிற்றுத் துண்டாகக் கிடக்கும். கண்ணாடி இல்லாத அறையை மென்மையான ஓவியத் தூரிகையால் அவ்வப்போது துடைக்கலாம். நேரடி வெயில் படும் இடத்தில் வைத்தால் பட்டும் சுவர்த்தாளும் முதலில் வெளுக்கும். ஈரப்பதம் ஏறி இறங்கும் இடத்தில் மரம் உப்பிச் சுருங்க, ஒட்டிய மூட்டுகள் விட்டுப்போகும். வெளிச்சமும் ஈரமும் அதிகம் மாறாத உள்சுவர் அலமாரி இதற்குத் தோதான இடம். நின்றபடி பார்ப்பதானால் சிற்றறையின் தரை பார்வையாளரின் கண்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் கண், கூரைக்கு மேலிருந்து எட்டிப் பார்க்காமல் அறைக்குள் நேராகச் செல்லும்.